கூரு நோயும் உறவுமுறைச் சொல்லும்: மருத்துவ மானிடவியல் பயில்வார்க்கு ஒரு முன்னுரை

நோய் உடலில் தோன்றுவது; ஆயின் நோய்க்குப் பெயரிடுவதும், அதற்குக் காரணம் கூறுவதும், தீர்க்கும் வழி நாடுவதும் மக்கட் கூட்டத்தின் செயல்களாகும். ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டால் அதனை முதற்கண் அறிபவர் மருத்துவர் அல்லர், வீட்டிலுள்ளாரே. அது சூட்டினால் வந்ததா, கண்ணேறு பட்டு வந்ததா, அஞ்சத் தக்கதா, தானே நீங்கக் கூடியதா என அவர்களே முன்னர்த் துணிகின்றனர். யாரிடம் செல்வது, எப்பொழுது செல்வது என்பனவும் அத்துணிபைப் பொறுத்தே அமைகின்றன. இத்தகைய துணிபுகளையும், அவற்றின் அடியில் நிற்கும் கருத்துகளையும், அவற்றால் விளையும் நன்மை தீமைகளையும் ஆராயும் துறையே மருத்துவ மானிடவியல் ஆகும்.

முதுகலை வகுப்பில் இத்துறையைப் பயிலப் புகுவார் யாது கற்றல் வேண்டும் என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பாடத்திட்டத்தை வரிசையாக எடுத்துரைப்பதினும், ஓர் ஆராய்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நோக்குவதே பயன் மிக்கது என்பது எம் கருத்து. ஆதலின் துறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, பாப்புவா நியூகினியில் நிகழ்ந்த கூரு நோய் ஆராய்ச்சியை விரிவாகக் காண்போம். அதன்பின் தமிழ் பயின்றார்க்கு இத்துறையில் உள்ள பங்கு யாது என்பதனை ஆராய்வோம்.

1. துறையின் வரலாறு

மருத்துவமும் மானிடவியலும் ஒருவரிடத்தே கூடிய நிலையினை ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரிடம் காண்கின்றோம். மருத்துவக் கல்வி பெற்ற இவர் 1898ஆம் ஆண்டு டாரெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் குழுவில் இடம் பெற்றார். ஆங்கு மக்களின் கொடிவழியை முறையாகக் கேட்டெழுதும் வழக்கத்தைத் தொடங்கினார். பின்னர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி ஆய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1915, 1916ஆம் ஆண்டுகளில் இலண்டனில் அவர் மருத்துவர் அவையில் ஆற்றிய பொழிவுகள், அவர் மறைந்தபின் 1924இல் ‘மருத்துவமும் மந்திரமும் சமயமும்’ என்னும் பொருள்படும் பெயரோடு நூலாயின. ஒரு மக்கட் கூட்டத்தின் மருத்துவச் செயல்கள், நோய்க்காரணம் பற்றி அவர்கள் கொண்ட நம்பிக்கையிலிருந்து முறைப்படி பிறப்பவை என்பதே அந்நூலின் சாரம். நம்பிக்கை பிழைபட்டதாயினும், அதிலிருந்து செயலுக்குச் செல்லும் அறிவு நெறி பிழைபட்டதன்று என அவர் காட்டினார்.

1937இல் வெளிவந்த ஈவான்ஸ் பிரிட்சார்டின் அசாந்தே மக்கள் பற்றிய நூல் இக்கருத்தை மேலும் தெளிவாக்கிற்று. குதிர் சரிந்து அதன் நிழலில் அமர்ந்திருந்தார் காயமுற்றால், கறையான் காலை அரித்தமையால் அது சரிந்தது என்பதனை அம்மக்கள் நன்கு அறிவர். அந்நேரத்தில் அவ்விடத்தில் இவர்மீது அது ஏன் விழவேண்டும் என்பதே அவர்தம் வினா. அவ்வினாவிற்கே சூனியம் விடையாகின்றது. ‘எவ்வாறு’ என்னும் வினாவும் ‘எனக்கு ஏன்’ என்னும் வினாவும் வேறுவேறானவை. முன்னதற்குக் கூறிய விடை பின்னதனைத் தீர்ப்பதன்று.

உலகப் போருக்குப்பின் நலவாழ்வுத் திட்டங்கள் பல நாடுகளிற் பரவியபொழுது இவ்வாராய்ச்சி நடைமுறைத் தேவையாயிற்று. பெஞ்சமின் பால் 1955இல் பதிப்பித்த தொகுப்பில், பெரு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் குடிநீரைக் காய்ச்சுமாறு இல்லத்தரசியரைத் தூண்டிய முயற்சி ஆராயப்பெற்றுள்ளது. ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில், ஈராண்டு முயற்சிக்குப்பின் புதிதாக வழிக்கு வந்தோர் பதினொருவரே. காய்ச்சிய நீர் நோயுற்றார்க்கு உரியது என்பது ஊரார் கருத்து. உடல்நலத்தோடு இருப்பவர் அதனைப் பருகுதல் பொருந்தாச் செயல். அறிவுரை கூறியவர் நீரிலுள்ள கிருமியைக் கருதினர்; கேட்டவர் நீரின் தன்மையைக் கருதினர். இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினர்போலத் தோன்றினும், பேசிய பொருள் இரண்டாயின.

உளமருத்துவரும் மானிடவியலாருமாகிய ஆர்தர் கிளைன்மன் தைவானில் செய்த ஆராய்ச்சியின் பயனாக 1980இல் வெளியிட்ட நூல் இத்துறைக்குச் சில அடிப்படைக் கருவிகளை அளித்தது. மருத்துவர் உறுப்பிலும் குருதியிலும் காணும் கேடு வேறு. நோயாளி தாமும் சுற்றமும் உணர்ந்து துன்புறும் நிலை வேறு என்பது அவற்றுள் ஒன்று. நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரும் ஒரே நோய்க்குத் தத்தமக்கென விளக்கம் கொண்டிருப்பர் என்பது மற்றொன்று. இவ்விளக்கங்கள் தம்முள் மாறுபடுங்கால் மருத்துவம் பயனற்றுப் போதலும் உண்டு.

2. கூரு நோய்

பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் வாழும் ஃபோரே மக்களிடையேயும், அவரோடு மணவுறவு கொண்ட அண்டை மக்களிடையேயும் மட்டுமே காணப்பெற்றது கூரு என்னும் நோய். அம்மக்கள் மொழியில் இப்பெயர் நடுக்கத்தைக் குறிக்கும். தமிழில் ‘குரு’ என்னுஞ் சொல், வேர்க்குரு என்பதிற்போலக் கொப்புளத்தைக் குறிப்பதாகலின், மயக்கம் நேராமைப் பொருட்டு ஈண்டு நெடிலாக்கி எழுதுகின்றோம். இரண்டு சொற்களுக்கும் தொடர்பு யாதுமில்லை.

நோய் கண்டவர் முதலில் நடை தள்ளாடுவர்; உடல் நடுங்கும்; பேச்சுக் குழறும். பின்னர் நிற்கவியலாது அமர்ந்திருப்பர். அதன்பின் படுக்கையிற் கிடப்பர். பெரும்பாலும் ஓராண்டு அளவில் இறப்பர். 1957இல் வின்சென்ட் சிகாஸ் என்னும் அரசு மருத்துவரும், கார்ல்டன் காஜ்டுசெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் இதனை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். அக்காலத்தில் ஆண்டுதோறும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் வயதுவந்த மகளிரும், இருபாற் குழந்தைகளுமே. வயதுவந்த ஆடவர் மிகச் சிலரே. தென் ஃபோரேச் சிற்றூர்கள் சிலவற்றில் மகளிர் தொகை குறைந்து, தாயிழந்த மக்களைத் தந்தையரே வளர்க்க வேண்டியதாயிற்று. ஓர் இனமே அழிந்துவிடுமோ என்னும் அச்சம் அங்கு வெறும் அணியுரை அன்று.

காரணம் யாது? தொற்று நோய்க்குரிய காய்ச்சல் முதலிய குறிகள் காணப்படவில்லை. நஞ்சோ உணவுக் குறையோ காரணமாதற்குச் சான்று கிட்டவில்லை. நோய் குடும்பவழிச் சென்றதாகத் தோன்றியமையின், அது பிறப்புவழி வருவது என்னும் கோட்பாடு 1950களின் இறுதியில் வலுப்பெற்றது. அக்கோட்பாடு ஏட்டளவில் நின்றதன்று. ஃபோரே மக்கள் தம் பகுதியை விட்டு வெளிச்செல்வதைக் கட்டுப்படுத்தும் அளவிற்கு அது நிர்வாகத்தையும் பற்றியது. பிழையான விளக்கத்தின் சுமையை நோயுற்ற மக்களே தாங்க நேர்ந்தது.

1961இல் ராபர்ட் கிளாஸ், சர்லி கிளாஸ் என்னும் மானிடவியலார் இணையர் தென் ஃபோரேப் பகுதியில் தங்கி ஆராயத் தொடங்கினர். சர்லி கிளாஸ் பின்னாளில் சர்லி லிண்டன்பாம் என அறியப்பட்டவர். பிறப்புவழிக் கோட்பாட்டை ஆராய்வதற்கு வேண்டும் உறவுமுறைச் செய்திகளைத் திரட்டுவதும் அவர்தம் பணியாக இருந்தது. அப்பணியே அக்கோட்பாட்டின் அடிப்படையை அசைத்தது என்பது கருதத் தக்கது.

முதலாவது, உறவுச் சொல் குருதியுறவைக் காட்டுவதாக இல்லை. ஃபோரே மக்கள் வந்தேறியவரையும் நண்பரையும் உறவினராக ஏற்று, உறவுப்பெயரால் அழைத்து, உறவினர்க்குரிய கடமைகளையும் செய்தனர். சொல்லை மட்டும் கொண்டு வரைந்த கொடிவழியில் குருதித் தொடர்பற்றவரும் உடன்பிறந்தாராக இடம்பெற்றுவிடுவர். தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். தந்தையின் தம்பியும் சித்தப்பா. தாயின் தங்கை கணவரும் சித்தப்பா. முன்னவரிடம் உள்ள குருதியுறவு பின்னவரிடம் இருத்தல் வேண்டுவதில்லை. சொல் ஒன்றாயிருத்தலைக் கண்டு உடற்கூறும் ஒன்றெனக் கொள்வார் வழுப்படுவர்.

இரண்டாவது, நோய் பழமையானதன்று. முதன்முதல் நோயுற்றவர் யாவர், எவ்வூரிலிருந்து எவ்வூர்க்கு நோய் வந்தது என்பதனை முதியோர் நினைவிலிருந்து கூறினர். அவற்றை ஒருங்கு வைத்து நோக்கியவழி, நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி வடக்கே தோன்றிச் சில பத்தாண்டுகளில் தெற்கே பரவியது புலனாயிற்று. இத்துணைக் குறுகிய காலத்தில், உயிர்க்கொல்லியாகிய பிறப்புவழிக் குறை ஒன்று இவ்வளவு மிகுதியாதல் இயலாது.

மூன்றாவது, இறந்த சுற்றத்தாரின் உடலை உண்ணும் ஈமவழக்கமும் அப்பகுதியில் அண்மையில் வந்ததே என்பதும், ஒவ்வோரிடத்தும் நோய் தோன்றுதற்கு முன்னரே அவ்வழக்கம் வந்துவிட்டது என்பதும் தெரிந்தன. அவ்வுணவில் பெரும்பங்கு மகளிர்க்கும் குழந்தைகட்கும் உரியது. வயதுவந்த ஆடவர் பெரும்பாலும் அதனை விலக்கினர். நோயால் மாண்டார் யாவர் என்னும் பட்டியலும், உண்டார் யாவர் என்னும் பட்டியலும் ஒன்றையொன்று ஒத்தன.

இம்முடிவிற்கு வேறு துறைகளின் சான்றும் துணைநின்றது. 1959இல் வில்லியம் ஹாட்லோ என்னும் கால்நடை நோயியலார், செம்மறியாட்டைப் பற்றும் ஒருவகை மூளை நோய்க்கும் கூருவிற்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். கூருவால் இறந்தவர்தம் மூளைக் கூற்றினை 1963இல் மனிதக்குரங்குகளுக்குச் செலுத்தினர். ஈராண்டு அளவில் அவை நோயுற்றன. இம்முடிவு 1966இல் வெளியிடப்பெற்றது. காஜ்டுசெக் 1976இல் நோபெல் பரிசு பெற்றார். இத்தகைய நோய்களுக்குக் காரணம் உருத்திரிந்த ஒருவகைப் புரதமே என 1982இல் விளக்கி, அதற்குப் ‘பிரியான்’ எனப் பெயரிட்ட ஸ்டான்லி புருசினர்க்கு 1997இல் அப்பரிசு கிடைத்தது. அரசாங்கத்தினர், சமயத் தொண்டர் ஆகியோரின் தலையீட்டால் 1950களின் இறுதியில் ஈமவழக்கம் நின்றபின், புதிதாகப் பிறந்த குழந்தைகளுள் எவரும் நோயுறவில்லை என்பதனை மைக்கேல் ஆல்பர்ஸ் முதலானோர் தொடர்ந்து கண்டறிந்தனர். ஆயினும் முன்னரே உண்டவர் உடலில் நோய் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்தது. 1996 முதல் 2004 வரை பதினொருவரிடம் நோய் காணப்பட்டதாக 2006இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. வழக்கம் நின்று நாற்பதாண்டு கடந்தும் அதன் பயன் நீங்கவில்லை.

பிறப்புவழிக் கூறு முற்றும் பொய்யாயிற்றோ எனின், அன்று. அப்பகுதி மக்கள் சிலரிடம் நோயைத் தடுக்கும் மரபுக்கூறு ஒன்று உள்ளமை 2009இல் அறிவிக்கப்பெற்றது. நோய் மரபணுவால் வரவில்லை. நோய்க்கு ஆட்படாமையில் மரபணுவிற்குப் பங்கு உண்டு. பழைய கோட்பாட்டை மறுத்தோர் கூற்றும், புதிய சான்றும் தம்முள் முரணுவன அல்ல.

3. மக்கள் கண்ட காரணம்

ஃபோரே மக்கள் தாமே கூறிய காரணம் சூனியம். பகைவன் ஒருவன் உண்ட மிச்சம், மயிர், கழிவு முதலியவற்றைக் கவர்ந்து பொதிந்து சேற்று நிலத்திற் புதைப்பான். பொதி அழுகுந்தோறும் நோயாளியின் உடல் நையும் என நம்பினர். 1962 இறுதியில் பொதுக் கூட்டங்கள் கூட்டி, சூனியக்காரரை அத்தொழிலை விட்டொழிக்குமாறு வேண்டினர். மகளிர் அழியின் இனம் அழியும் என்னும் துயரமே அக்கூட்டங்களில் ஒலித்தது.

லிண்டன்பாம் 1979இல் வெளியிட்ட நூலில் இந்நம்பிக்கையை இகழ்ந்து ஒதுக்கவில்லை. உண்மையென ஏற்கவும் இல்லை. செல்வமும் செல்வாக்கும் சமனற்ற நிலையில் யார் யாரை ஐயுறுகின்றனர் என்பதனை ஆராய்ந்து, சூனிய நம்பிக்கையைச் சமுதாயத்தின் உட்பகையைக் காட்டும் சான்றாகக் கொண்டார். பயில்வோர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மக்கள் கூறும் காரணம் நோயின் காரணமாக இல்லாதிருக்கலாம். ஆயின் அது மக்களைப் பற்றிய சான்றாகும். அதே மக்கள் கூறிய நோயின் வரலாறோ நோயைப் பற்றிய சான்றாகவே பயன்பட்டது. சூனியத்தை நம்புவார் கூற்று யாதும் கொள்ளத்தக்கதன்று எனத் தள்ளியிருப்பின், நோய் வந்த வழி தெரிந்திராது. எக்கூற்று எதற்குச் சான்றாகும் எனப் பகுத்தறிதலே இத்துறையின் முதற்பயிற்சி.

ஈண்டு ஒரு தடை எழும். 1979இல் வில்லியம் ஆரென்ஸ் என்பார், மனிதர் ஊன் உண்ணும் வழக்கம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கண்டார் கூற்றல்ல, பிறரைத் தாழ்த்தும் கட்டுக்கதைகளே எனக் கூறி, ஃபோரே பற்றிய செய்தியையும் ஐயுற்றார். பிறர்மீது ஏற்றிக் கூறப்படும் பழியை ஆராயாது நம்பலாகாது என்னும் அவர்தம் எச்சரிக்கை ஏற்புடையதே. ஆயின் ஃபோரே செய்தி அயலார் ஏற்றிய பழியன்று. அம்மக்கள் தாமே, இன்னார் உடலை இன்னார் உண்டனர், இன்ன உறவினர்க்கு இன்ன பங்கு என முறைபடக் கூறியது. பகையினாலன்றி, இறந்தார்மேற் கொண்ட அன்பினாலும் துயரத்தாலும் செய்ததாகவே அதனை அவர்கள் விளக்கினர். நோயின் பரவலும் அக்கூற்றோடு ஒத்தமையின் அதனை ஏற்றலே முறை.

4. தமிழ் பயின்றார்க்கு உரிய பங்கு

கூரு ஆராய்ச்சியில் திருப்பத்தை உண்டாக்கியவை நுண்ணோக்கியிற் கண்ட பொருள்கள் மட்டுமல்ல. உறவுச் சொல்லின் பொருளும் முதியோர் நினைவும் ஆகும். சொற்பொருளை ஆராயும் பயிற்சி இத்துறைக்கு இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும். அப்பயிற்சி தமிழ்த்துறை மாணவரிடம் உண்டு.

கிளைன்மன் கூறிய வேறுபாட்டைத் தமிழில் எவ்வாறு கூறுவது? ‘நோய்’ என்பது நோதல் என்னும் உணர்வின் அடியாகப் பிறந்த சொல். அகப்பாடல்களில் பிரிவால் உறும் துன்பமும் நோயே. ‘பிணி’ என்பது பிணித்தல் என்னும் செயலின் அடியாகப் பிறந்தது. ஆதலின் உணர்ந்து துன்புறும் நிலையை நோய் எனவும், உடலைப் பற்றிய கேட்டினைப் பிணி எனவும் ஆட்சிப்படுத்தலாம் என்பது எம் கருத்து. இன்றைய மருத்துவ நூல்கள் நோய் என்பதனையே இரண்டிற்கும் வழங்குகின்றன; எனினும் ஆராய்ச்சிக்கண் வரையறை செய்துகொள்ளுதல் தவறாகாது.

விளக்கங்கள் மாறுபடுதலுக்குச் சங்கப் பாடல்களின் வெறியாட்டுத் துறையே சிறந்த எடுத்துக்காட்டு. தலைவியின் மெலிவைத் தாய் காண்கின்றாள்; கட்டுவிச்சி குறி பார்க்கின்றாள்; வேலன் கழங்கு கொண்டு முருகனால் வந்தது என்கின்றான்; தோழியோ உண்மைக் காரணத்தை அறிவாள். குறி ஒன்று, விளக்கம் பல. எவ்விளக்கத்தை எவர் எப்பொழுது வெளியிடலாம் என்பதிலேயே அத்துறைப் பாடல்களின் சிக்கல் அமைந்துள்ளது. ஆயினும் இவை புலனெறி வழக்கம் பற்றியன; கள ஆய்வுக் குறிப்புகள் அல்ல. சங்க காலத்தார் நோய் தீர்த்த முறை இதுவே என இவற்றைக் கொண்டு உறுதி கூறல் பொருந்தாது. வினாக்களைக் கூர்மையாக்குதற்கு இலக்கியம் உதவும். விடைக்குக் களமே சான்று.

அம்மை நோய் பற்றிய சொற்களும் இவ்வகையின. நோயின் பெயரே தாயின் பெயர். கொப்புளம் முத்து எனப்படும். நோய் நீங்குதல் அம்மை இறங்குதல் எனப்படும். ஐரோப்பியர் வழி வந்த தடுப்பு முறையும் அம்மை குத்துதல் என அப்பெயரோடு இணைந்தே வழங்கிற்று. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பெற்றது. பிணி ஒழிந்தது, சொற்கள் ஒழியவில்லை. வேப்பிலையும் குளிர்ந்த உணவும் தலைக்குத் தண்ணீர் ஊற்றலும் சின்னம்மைக்கு உரியனவாய் நின்று நிலவுகின்றன. சூடு, குளிர்ச்சி என்னும் பாகுபாடு தென்னிந்தியச் சடங்குகளில் பெறும் இடத்தைப் பிரெண்டா பெக் 1969இல் ஆராய்ந்தமை இங்கு நினைக்கத் தகும். பெரியம்மையை நேரிற் கண்ட முதியோர் அருகி வருகின்றனர். அவர்தம் சொற்களைத் திரட்டும் பணி நெடுங்காலம் காத்திராது.

5. பயில்வார்க்குச் சில கருத்துகள்

இத்துறையில் முதுகலை பயில்வார் நான்கனைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, மொழியறிவு. மொழிபெயர்ப்பாளர் வாயிலாக மட்டும் கேட்பவர்க்குச் சித்தப்பாக்கள் இருவரும் ஒருவராகவே தோன்றுவர். இரண்டாவது, உடற்கூறும் நோய்ப்பரவலும் பற்றிய அடிப்படை அறிவு. இலக்கியம் பயின்று வருவார் இதனைத் தம் துறைக்குப் புறம்பானதென விலக்கலாகாது. யார் நோயுற்றார், யார் உறவில்லை என எண்ணிப் பார்க்கத் தெரியாதார்க்குக் கூருவின் காரணம் புலப்பட்டிராது. மூன்றாவது, நெடுநாள் உடனுறைதல். ஒருநாள் வினவிப் பெறும் விடை, கேட்போர் விரும்புவதாகச் சொல்வோர் கருதிய விடையாகவே அமையும். நான்காவது, அறவுணர்வு. நோயாளியின் துன்பம் ஆராய்ச்சியாளரின் கருவிப்பொருள் அன்று. இசைவு பெறாது கேட்டலும், மறைவாகக் கூறியதனைப் பெயரோடு வெளியிடுதலும் கடியத் தக்கன.

இன்னுமொன்று. மக்கள் நம்பிக்கையை ஆராய்வார் இரண்டு வழுவினின்றும் நீங்குதல் வேண்டும். அறியாமை என இகழ்தல் ஒன்று. முன்னோர் கூறியதாகலின் மெய்யே எனப் புகழ்தல் மற்றொன்று. தமிழ் மருத்துவ மரபை ஆராயுங்கால் பின்னைய வழு எளிதில் வந்து சேரும். ஒரு மருந்து பிணியைத் தீர்க்குமா என்பது ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் விடை காணவேண்டிய வினா. அம்மருந்தை மக்கள் ஏன் நாடுகின்றனர், யாரிடம் நாடுகின்றனர், நாடிப் பெறுவது யாது என்பன நம் வினாக்கள். முன்னைய வினாவிற்கு நாம் விடை கூறப் புகுதலும், பின்னையவற்றை வினவாது விடுதலும் ஒருங்கே குறையாகும்.

இதுகாறும் கூறியவற்றால், நோயை ஆராய்தற்கு உடலறிவும் சொல்லறிவும் ஒருங்கு வேண்டும் என்பது பெறப்பட்டது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவான் என மருத்துவத்தை நால்வகைப்படுத்துகின்றது. இவற்றுள் மருந்து ஒழிந்த மூன்றும் மனிதர். அம்மூவர் தம்முள் பேசுவது யாது, பேசாது விடுவது யாது என்பதனைச் செவ்விதின் கேட்டெழுதுதல் தமிழ் பயின்ற மாணவர் செய்யத்தக்க பணி. அப்பணிக்குரிய சொற்றொகுதியை வட்டாரந்தோறும் தொகுத்தலே முதற்படி ஆகும்.